பாதருக்கு எந்தப் பக்கம் தலைமாடு

போன வருசக் கோயில் திருவிழாவில அன்னதான வரிசையில நிக்கேக்க, எனக்கு முன்னால ஆஹென் யூனிவசிற்றியில படிக்கிற ஒரு தமிழ்நாட்டுப் பொடியன் நிண்டான். மரியாதையான பிள்ளை. "அங்கிள், ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி என்ன ஜாப் பண்ணிட்டிருந்தீங்க?" எண்டு கேட்டான்.

"கிடங்கு வெட்டினனான்."

"ஓ, கன்ஸ்ட்ரக்ஷன் சைடா?"

"இல்லைத் தம்பி. ஆக்களைப் புதைக்கிற கிடங்கு."

வரிசை நகராமலே பொடியன் ஒரு எட்டு முன்னால போயிட்டான். சாப்பிட்டு முடிஞ்சாப் பிறகு பாயாசக் கோப்பையோட தானாவே வந்து பக்கத்தில குந்தினான். "அங்கிள், பேய் எதாவது பாத்திருக்கீங்களா?"

"பேயைக் காணேல்லை. பங்குச் சபையைக் கண்டிருக்கிறன்" எண்டன்.

அவனுக்கு அது விளங்கேல்லை. பஸ்சுக்கு நேரமாச்சு எண்டு எழும்பிப் போயிட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்ப எழுதுறன்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினது, அகதி முகாம், ஹோட்டலில கோப்பை கழுவினது, இந்தக் கதை எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒண்டுதான், அதை விடுவம். நாங்கள் கடைசியாப் போய்ச் சேர்ந்தது மூன்ஸ்டர் பக்கத்தில ஒரு கத்தோலிக்கக் கிராமம். மாடு, சோளம், மழை, ஒரு தேவாலயம், அதைச் சுத்திப் பழைய சவக்காலை. அந்தத் தேவாலயத்துப் பாதர்தான் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். "சிவா, உங்களுக்கு மண் வெட்டத் தெரியுமோ?" எண்டு கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில வங்கியில கணக்கெழுதிற லிகிதரா இருந்தனான். "ஓம், வடிவாத் தெரியும்" எண்டன்.

வீட்ட வந்து சொல்ல, என்ர மனுசி மலர் கேட்ட முதல் கேள்வி, "சைவ ஆக்கள் செய்யக்கூடிய வேலையோ இது?" இரண்டாவது கேள்வி, "நிரந்தர வேலையோ?" நிரந்தரம் எண்டவுடன சைவம் கொஞ்சம் விட்டுக் குடுத்துது. ஆனா முழுக்க இல்லை. வேலை முடிஞ்சு வந்தால் நேரா வீட்டுக்குள்ள வர ஏலாது. கராஜுக்குள்ள ஒரு வாளி இருக்கும். அதில தலையோட முழுகி, உடுப்பை மாத்தி, பேந்துதான் வாசல்படி. கோடையோ பனியோ, மலரின்ர சட்டம் ஒண்டுதான். மாசி மாதக் குளிரில அண்டைக்குப் புதைச்ச ஆளைவிட நான்தான் கூட விறைச்சிருப்பன்.

எனக்கு மேல இருந்தவர் ஹெர் லூட்கே; இங்க ஆம்பிளையெண்டால் ஹெர், பொம்பிளையெண்டால் ஃப்ராவ். சவக்காலைக்குப் பொறுப்பு. நெடுவல் மனுசன், வாயில எப்பவும் ஒரு புகைக்குழாய். ஒரு நாளைக்கு அவர் கதைக்கிற சொல்லை ஒரு தீப்பெட்டிக்குள்ள அடைக்கலாம். அதிலயும் அரைவாசி "ஸோ". கிடங்கு வெட்டி முடிஞ்சாலும் "ஸோ", பெட்டி இறங்கினாலும் "ஸோ", பின்னேரம் வீட்ட போகேக்கயும் "ஸோ". சரி, முடிஞ்சுது, அடுத்ததைப் பார்ப்பம் எண்டு அர்த்தம்.

பழைய சவக்காலைக்குள்ள மெசின் போகாது, பாதை ஒடுக்கம். எல்லாம் கையாலதான். ஊரின்ர மண்ணோ பச்சைக் களி. பலகை குடுத்து முட்டுக் கட்டாமல் வெட்டினால் உன்னையும் சேர்த்து மூடிப்போடும். வெட்டி முடிய லூட்கே ஏணியால இறங்கி, அடியில நிண்டு, குழாயைப் பத்த வைப்பார். மேல காத்து எப்பிடி அடிச்சாலும் தீக்குச்சி அணையாமல் எரிஞ்சால் ஆழம் சரி. அளக்கிற நாடா அவர்ர பொக்கற்றுக்குள்ளயே இருந்தது. அதை எடுத்து நான் ஒருநாளும் காணேல்லை.

இந்த நாட்டில செத்தவனுக்கும் வாடகை வீடுதான், தெரியுமோ. தவணை முடிஞ்சு, புதுப்பிக்க ஆக்கள் இல்லையெண்டால் கல்லைப் பிடுங்கி, புல்லு விதைச்சு, வேற ஆளுக்குக் குடுத்துவிடுவினம். இது எங்கட ஆக்களின்ர எரிக்கிற வழக்கத்தைவிட மோசம் எண்டு நான் சொல்ல, லூட்கே, "நீங்கள் ஒரேயடியா எழுப்பி விடுறியள், நாங்கள் முதல் நித்திரை கொள்ள விடுறம்" எண்டார். அவர் கதைச்ச ஆகக் கூடின நீள வசனம் அதுதான்.

பனிக்காலம் முடிய, கல்லு ஆட்டிற வேலை. உறைஞ்ச மண் இளகேக்கக் கல்லுகள் சரியும், ஆருக்கு மேலயும் விழக்கூடாது. அதால ஒவ்வொரு கல்லையும் கையால தள்ளிப் பார்க்க வேணும். லூட்கே சும்மா தள்ள மாட்டார். தொப்பியைத் தொட்டு, பேர் சொல்லி வணக்கம் சொல்லிப்போட்டுத்தான் தள்ளுவார். ஆடினால் சிவப்பு ஒட்டுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாற சனம் கடவுளைப் பார்க்க முதல், ஆரின்ர வீட்டுக் கல்லில சிவப்பு ஒட்டியிருக்கு எண்டுதான் பார்க்கும்.

இப்ப முக்கியமான விசயம். இதை விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

அந்தச் சவக்காலையில ஊர்ச்சனம் எல்லாரும் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாள் எக்காளம் ஊதி எல்லாரும் எழும்பி இருக்கேக்க முகம் சூரியன் வாற பக்கம் இருக்க வேணுமாம். பாதர்மாருக்கு மட்டும் மறுவளம். கிழக்குக் கரையில பெரிய சிலுவைக்குக் கீழ அவைக்குத் தனி வரிசை, ஒருத்தருக்குப் பக்கத்தில அடுத்தவர். தலை கிழக்கே, கால் மேற்கே. எழும்பினால் முகம் தங்கட சனத்தைப் பார்த்தபடி. பெட்டி தூக்கிறது பக்கத்து வீட்டு ஆம்பிளையள். தவறணையில ஒண்டு ரெண்டு போட்டுக்கொண்டு வாறவைக்கு எது கிழக்கு எது மேற்கு எண்டு எங்க தெரியப்போகுது? அதால கிடங்கின்ர தலைமாட்டுப் பக்கம் மண்வெட்டியை நட்டு விடுவம். அதைப் பார்த்துத்தான் பெட்டியைத் திருப்புவினம்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில தவறணைக்காரர் செத்துப்போனார். லூட்கே என்னைப் பார்த்து, "மண்வெட்டியை நட்டு விடுங்கோ" எண்டார். எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லை, சொல்லுக்கு அவ்வளவு பஞ்சம். நான் யோசிச்சன். எங்கட வீடுகளில கிழக்கே தலை வைச்சுப் படுக்கிறது நல்லது, தெற்கும் பரவாயில்லை, வடக்கே வைச்சால் அம்மா அடிச்சு எழுப்புவா. செத்தாலும் மனுசன் படுக்கத்தானே போறார் எண்டு கிழக்கே நட்டன்.

பெட்டி இறங்கிக்கொண்டிருக்கேக்க லூட்கே என்ர காதுக்குள்ள, "சிவா, தவறணைக்காரரைப் பாதர் ஆக்கிப்போட்டியள்" எண்டார். காரணத்தைச் சொன்னன். மனுசன் குழாயை ஒருக்கா இழுத்தார். "விடுங்கோ. உயிரோட இருக்கேக்கயும் இந்தச் சனத்தின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டவர்தானே. ஸோ." அவ்வளவுதான். தவறணைக்காரற்ற மனுசி அதை ஏதோ பெரிய மரியாதை எண்டு நினைச்சு எனக்கு ஒரு பன்றித் தொடை அனுப்பிவிட்டா. மலர் அதைக் கராஜுக்குள்ளயும் விடேல்லை.

பாதரைப் பற்றிச் சொல்ல வேணும். கட்டை மனுசன், சத்தமான மனுசன், பிரசங்கத்தில நித்திரை கொள்ளுற ஆக்களைப் பேர் சொல்லி எழுப்புவார். வீட்டில மட்டும் சத்தம் வராது. அங்க ஆட்சி ஆக்னெஸ். பாதர்மாற்ற வீட்டில சமைக்க, துவைக்க, கணக்குவழக்குப் பார்க்க ஒரு பொம்பிளை இருக்கிறது இங்கத்தை வழக்கம். இளம் வயசில வந்த ஆக்னெஸ், தலை நரைச்ச பிறகும் அங்கதான். பாதற்ற சப்பாத்து, பாதற்ற மருந்து, பாதர் எப்ப வாயை மூட வேணும், எல்லாம் அவதான் தீர்மானிச்சவ. ஆனா கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் "நீங்கள்" தான். "நீங்கள் ஒரு கழுதை, பாதர்" எண்டு ஆக்னெஸ் குசினிக்குள்ள நிண்டு சொன்னதை என்ர காதால கேட்டனான். ஊர்ச்சனம் அந்தக் காலத்தில ஏதோ குசுகுசுத்ததாம். பேந்து குசுகுசுத்த ஆக்களையெல்லாம் நாங்களே புதைச்சுப்போட்டம்.

ஆக்னெஸ் ஒரு மழைக்காலத்தில செத்துப்போனா. கிடங்குக்கு நான் முளை அடிக்கேக்கப் பாதர் குடையும் இல்லாமல் வந்து நிண்டார். ஊர்ச்சனத்தின்ர வரிசைகளில ஆகக் கிழக்கே இருந்த வரிசை அது, பாதையைத் தாண்டினால் பாதர்மாற்ற வரிசை. "கொஞ்சம் இடப்பக்கம்" எண்டார். நகர்த்தினன். "இல்லை, வலப்பக்கம்." நகர்த்தினன். கடைசியில பொறுமை கெட்டு, தன்ர சப்பாத்தால முளையைத் தள்ளித் தள்ளித் தானே வைச்சார். சேறு முழங்கால் மட்டும். இந்தச் சேத்தைக் கழுவிறதுக்கும் இனி ஆள் இல்லையே எண்டுதான் நான் நினைச்சன்.

அதுக்குப் பிறகு மனுசன் சரியில்லை. ஒரு காலில கறுப்புச் சொக்ஸ், மற்றதில நீலம். பூசை முடிய ஒவ்வொரு நாளும் வாளியோட வந்து ஆக்னெஸின்ர கிடங்குக்கு மேல வைச்ச பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துவார். ஒருநாள் கொட்டுற மழை. ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால தண்ணி ஊத்திறார். கிழவருக்கு மூளை தட்டிப்போட்டுது எண்டு நினைச்சு, கிட்டப் போய், "பாதர், மழை பெய்யுது" எண்டன்.

"எனக்குக் கண் தெரியும், சிவா." வாளியை வைச்சார். "நான் செத்தால் மண்வெட்டியை ஆர் நடுவினம்?"

"நான்தான்."

"கிழக்கே நடுங்கோ. பழைய முறைப்படி. புது ஆக்கள் என்னைத் திருப்பிப் போடப் பார்ப்பினம். விடாதையுங்கோ."

"எழுதி வைக்கலாமே?"

"எழுதி வைச்சால் அதுக்கு ஒரு கூட்டம் போடுவினம். கூட்டத்துக்கு ஒரு குழு போடுவினம். எனக்கு உங்கட மண்வெட்டி காணும்."

"எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, பாதர்?"

மனுசன் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. "இந்தச் சனத்தை நான்தான் காவல் பார்க்க வேணும். கடைசி நாளிலயும் முன் வாங்கில இருக்க அடிபடுவினம்" எண்டார். நான் சிரிச்சு, கையைக் குடுத்தன். வாக்கு வாக்குத்தானே.

அவர் சொன்னபடியே நடந்துது. பக்கத்து ஊர்த் தேவாலயப் பங்குகளை எல்லாம் ஒண்டாச் சேர்த்தினம், அதுகளை நடத்தப் புதுப் பங்குச் சபை வந்தது. தலைவி ஃப்ராவ் ஹோல்ஷர், பள்ளிக்கூட அதிபரா இருந்து ஓய்வெடுத்தவ. கெட்ட மனுசி இல்லை. நேர்கோடு இல்லாத எதையும் கண்டால் பொறுக்காது, அவ்வளவுதான். கடவுளுக்கு முன்னால எல்லாரும் சமம், இனிமேல் பாதர்மாரும் மற்றவையைப் போலத் தலை மேற்கே எண்டு முடிவெடுத்துது சபை. முடிவெடுத்து மை காய முதல் பாதர் கண்ணை மூடிட்டார்.

நான் லூட்கேயிட்டப் போனன். பாதருக்குக் குடுத்த வாக்கைச் சொன்னன். மனுசன் கேட்டுக்கொண்டிருந்தார். "சபையின்ர கட்டளை மேற்கே" எண்டார். மீறினால் எச்சரிக்கைக் கடிதம் வரும், ஓய்வுக்குக் கிட்ட நிண்ட எனக்கு அது வேண்டாத வில்லங்கம். மீறாவிட்டால், எனக்குச் சோறு போட்ட மனுசனுக்குக் குடுத்த ஒரேயொரு வாக்கு மண்ணோட போயிடும். திரும்பி நடக்க வெளிக்கிட, லூட்கே பின்னால கூப்பிட்டார்.

"சிவா. நீங்கள் முந்தி ஒருக்காப் பிழை விட்டனியள், என்ன? தவறணைக்காரருக்கு."

"ஓம்."

"உங்கட ஆக்களின்ர வழக்கத்தால வந்த பிழை."

"ஓம்..."

"அப்பிடியான பிழை ஒரு ஆளுக்குத் திரும்பவும் வரலாம்" எண்டார் லூட்கே. முகத்தில ஒரு அசைவில்லை. "ஸோ."

செத்தவீட்டு அண்டைக்கு ஊரே வந்தது. மண்வெட்டி கிழக்கே நிண்டுது. தூக்கினவை அதைப் பார்த்தினம், திருப்பிச்சினம், இறக்கிச்சினம். ஃப்ராவ் ஹோல்ஷர் எதிர்ப்பக்கத்தில நிண்டவ. பெட்டி பாதி இறங்கேக்கத்தான் அவவுக்கு விளங்கினது. வாய் திறந்துது. ஆனா செபம் நடக்குது, நடுவில என்னெண்டு குறுக்கிடுறது? திறந்த வாயால "ஆமென்" எண்டுதான் சொல்ல முடிஞ்சது.

அடக்கம் முடிய எல்லாரும் தவறணை மண்டபத்தில கோப்பியும் கேக்கும். அங்க வந்து ஃப்ராவ் ஹோல்ஷர் எங்களைப் பிடிச்சா. "ஹெர் லூட்கே, பாதர் மறுவளமாக் கிடக்கிறார்."

லூட்கே வாயில இருந்த கேக்கை ஆறுதலாச் சப்பி விழுங்கினார். பேந்து முள்ளுக்கரண்டியால என்னைக் காட்டினார். "சிவா. அவையின்ர ஆக்கள் கிழக்கேதான் தலை வைப்பினம். தவறணைக்காரருக்கும் இப்பிடித்தான்."

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்துது. இவ்வளவு காலம் இந்த ஊரின்ர தாய் தேப்பனை எல்லாம் ஒரு விரற்கடை பிசகாமல் கிடத்தினவன் நான். என்ர கையால வெட்டின கிடங்கைப் பார்த்துப் பக்கத்து ஊர் ஆக்கள் படம் எடுத்தவை. இப்ப தலைமாடு கால்மாடு தெரியாத மடையனா நிக்க வேணும். ரத்தம் கொதிச்சுது, சும்மா சொல்லேல்லை. ஆனா வாக்கு எண்டு ஒண்டு கிடக்கே. என்ர நல்ல டொச்சுப் பேச்சைக் கொஞ்சம் உடைச்சு, தலையைச் சொறிஞ்சு, "மன்னிக்க வேணும். எங்கட வழக்கம். மறந்துபோனன்" எண்டன்.

ஃப்ராவ் ஹோல்ஷர், வகுப்பில ரெண்டாந்தரமும் பெயிலான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தா. கோவத்தைவிட அந்த இரக்கம்தான் எனக்குக் கூடச் சுட்டுது. திருப்பித் தோண்டிறதெண்டால் மாவட்டக் கந்தோரில அனுமதி எடுக்க வேணும், ஊர் சிரிக்கும். "சரி. கல்லையாவது மற்றவையைப் போல மேற்குப் பக்கம் வைக்க வேணும். நான் வந்து நிண்டு பார்ப்பன்" எண்டா.

கல்லு உடன வைக்கிறேல்லை. மண் இருந்து இறுக வேணும். அது இறுகின பிறகு ஒரு வெயில் நாள், கல்லுக்காரர் வந்தார், நாங்கள் ரெண்டு பேரும் நிண்டம், சொன்னபடி ஃப்ராவ் ஹோல்ஷரும் வந்தா. மேற்குப் பக்கம், பாதற்ற கால்மாட்டில, கல்லுக்கு இடம் குறிச்சா. வரிசை நேரா வருதோ எண்டு பார்க்கக் கிழக்குப் பக்கம் சுத்திப் போய், சரியாப் பாதற்ற தலைமாட்டில நிண்டா. மேற்கே பார்த்தா. "இன்னும் கொஞ்சம்..." எண்டு தொடங்கினவ அப்பிடியே நிண்டுபோனா.

என்னத்தைப் பார்க்கிறா எண்டு நானும் போய்ப் பக்கத்தில நிண்டன்.

பாதையைத் தாண்டி, நேருக்கு நேர், ஒரு சாண்கூட விலகாமல், ஆக்னெஸின்ர கல்லு. எழுத்து முழுக்க எங்களைப் பார்த்தபடி. அவ தலை மேற்கே, முகம் கிழக்கே. இவர் தலை கிழக்கே, முகம் மேற்கே. எழும்பி இருந்தால் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தில ஒருத்தர்தான் முழிக்க வேணும். இடையில வேற ஒரு சனமும் இல்லை. சபை சொன்ன இடத்தில கல்லை வைச்சிருந்தால் ரெண்டு பேருக்கும் நடுவில மதில் கட்டின மாதிரிப் போயிருக்கும்.

சேறு பிரண்ட அந்தச் சப்பாத்துத்தான் கண்ணுக்குள்ள வந்துது.

"ஆக்னெஸுக்கு இடம் குறிச்சது ஆர்?" எண்டு கேட்டா ஃப்ராவ் ஹோல்ஷர். குரலில பள்ளிக்கூடம் இல்லை.

"பாதர்தான். முளையைத் தன்ர காலாலயே தள்ளி வைச்சவர்."

அவ கல்லுக்காரரைப் பார்த்து, "இங்க வையுங்கோ. தலைமாட்டில" எண்டா.

"மேற்குப் பக்கம் எண்டுதானே சபை..." எண்டு இழுத்தார் கல்லுக்காரர்.

"பிழை ஒண்டு நடந்துபோச்சு. இனி என்ன செய்யிறது?" எண்டு சொல்லிப்போட்டு என்ர பக்கம் திரும்பினா. "உங்கட ஆக்களின்ர வழக்கம், அப்பிடித்தானே ஹெர் சிவா?"

"ஓம். எங்கட வழக்கம்."

அவ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சீறிக்கொண்டு போனா. நான் லூட்கேயைப் பிடிச்சன். "உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"எனக்குக் கிடங்கின்ர ஆழம் மட்டும்தான் தெரியும்" எண்டார். பேந்து தொப்பியைத் தொட்டு ஆக்னெஸுக்கும், திரும்பிப் பாதருக்கும் ஒரு வணக்கம் வைச்சார். "ஸோ."

அண்டைக்குப் பின்னேரம் வீட்ட போய், கராஜ் வாசலில நிண்டபடியே மலருக்கு முழுக்கச் சொன்னன். அவ கதவுநிலையில சாஞ்சு கேட்டுக்கொண்டிருந்தா.

"சனத்தைக் காவல் பார்க்கவாம்" எண்டன். "பொய்க்காரப் பாதர்."

"அதை நீங்கள் நம்பினியளாக்கும்?" எண்டா மலர். "கொட்டுற மழைக்குள்ள நிண்டு ஒரு ஆம்பிளை பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினதைக் கண்ணால கண்டுபோட்டு, பேந்தும் இது விளங்க உங்களுக்குக் கல்லு வேணுமாயிருந்தது. நல்ல மனுசன் வந்து வாய்ச்சுது எனக்கு."

நான் குனிஞ்சு வாளியை எடுத்தன்.

"வாளி அங்க கிடக்கட்டும்" எண்டா மலர். "உள்ளுக்கு வாங்கோ."